சித்தம் கலங்கியவரும் நம்மவரே



மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியிலே ஏறக்குறைய இரண்டு கல் தொலைவு சென்றால், பாறைகளின் இடுக்கிலே அமைந்த ஒரு பழைய விகாரையைக் காணலாம். அதுவே அளுவிகாரை. கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் இங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது இந்நாட்டு மரபு. போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய நாள்கள் அவை. ஓதுவோர் மடிந்தால் ஓதப்படுவதும் மடிந்துபோகும் என்ற அச்சமே துறவிகளை எழுத்தாணி எடுக்கத் தூண்டியது. ஒரு சமுதாயம் தன் நினைவை இழந்துவிடக்கூடாது என்று எழுதத் தொடங்கிய இடம் அது என்று சொன்னால் தவறாகாது.

இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள், இலக்கியம் ஒரு நாட்டின் தன்னுணர்வையும், மனநோயுற்றோர்பால் அந்நாட்டு மக்கள் கொண்ட மனப்பான்மையையும் எவ்வாறு காட்டுகிறது என்பதாகும். இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள்போலத் தோன்றலாம். "நம்மவர் யார்?" என்பது ஒரு கேள்வி, "சித்தம் தெளிந்தவர் யார்?" என்பது மற்றொரு கேள்வி. ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்கினால், இரண்டும் ஒரே வேலியைப் பற்றிய கேள்விகள் என்பது விளங்கும். வேலிக்குள்ளே யாரை வைப்பது, வெளியே யாரை நிறுத்துவது என்பதே அக்கேள்வி. இதனை விளக்குவதற்கு மாத்தளையைவிடப் பொருத்தமான மண் வேறில்லை என்பது என் கருத்து.

அளுவிகாரையில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் அத்திருமறைத் தொகுதியிலே தேரிகாதை என்றொரு நூல் உண்டு. பௌத்த பிக்குணிகள் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்கும் பாடல்களின் தொகுப்பு அது. அவர்களுள் ஒருத்தி வாசிட்டி. மகனை இழந்த துயரத்தால் அவள் சித்தம் கலங்கியது. ஆடையின்றி, தலைவிரி கோலமாக, குப்பைமேடுகளிலும் மயானங்களிலும் பெருவழிகளிலும் மூன்றாண்டுக் காலம் பசியோடும் தாகத்தோடும் திரிந்தாள். மிதிலை நகரை நோக்கிச் சென்ற புத்தர்பெருமானைக் கண்டபோது அவள் மனம் தன்னிலைக்கு மீண்டது. இவ்வளவையும் அவளே சொல்கிறாள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவளைப் பற்றிப் பிறர் சொல்லும் கதையன்று அது. தனக்கு நேர்ந்த பித்தைத் தன் வாயாலேயே, நாணாமல், மறைக்காமல் ஒரு பெண் சொல்ல, அதைச் சங்கத்தார் திருமறையிலே சேர்த்துப் போற்றினார்கள்.

அதே தொகுதியில் உள்ள விநய நூலும் ஈண்டு நோக்கத்தக்கது. துறவிகளுக்குரிய ஒழுக்க விதிகளை ஒவ்வொன்றாக விதித்துச் செல்லும் அந்நூல், சித்தம் கலங்கிய நிலையில் ஒருவர் அவ்விதியை மீறினால் அவர்மேல் குற்றமில்லை என்று விலக்கு அளிக்கிறது. கக்கன் என்ற ஒரு பிக்கு இவ்வாறு கலங்கியபோது, அவரைக் குற்றவாளியாக்காமல் சபை நடவடிக்கைகள் எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பதற்குத் தனி ஏற்பாடே செய்யப்பட்டது. அவர் சபைக்கு வந்தாலும் வராவிட்டாலும் சபையைச் சேர்ந்தவரே. நோயுற்றவன் நம்மவன் அல்லாமற் போய்விடுவதில்லை என்னும் எண்ணம் இங்கே சட்ட வடிவம் பெற்றுவிட்டது.

இனித் தமிழ் இலக்கியத்துக்கு வருவோம். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையும் பௌத்தக் காப்பியமே. மலர்வனம் புக்க காதையிலே, மணிமேகலையும் சுதமதியும் புகார் நகர வீதி வழியே மலர்வனத்துக்குச் செல்கிறார்கள். அவ்வீதியிலே புலவர் ஒரு பித்தனைக் காட்டுகிறார். அலரி மாலையும் எருக்க மாலையும் அணிந்து, கந்தலோடு சுள்ளிகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, உடல் முழுதும் வெண்ணீறு பூசி, தொடர்பற்ற சொற்களைப் பேசித் திரிகிறான் அவன். அழுகிறான், விழுகிறான், அரற்றுகிறான், தொழுகிறான், எழுகிறான், சுழல்கிறான், ஓடுகிறான், ஒரு மூலையிலே ஒதுங்குகிறான். தன் நிழலோடு தானே பூசலிடுகிறான். இக்காலத்து மருத்துவ மாணவர் ஒருவர் நோயாளியின் பக்கத்தில் நின்று எழுதிய குறிப்போ என்று வியக்கும் வண்ணம் நுணுக்கமாக அமைந்த வருணனை அது.

அதைவிடச் சிறப்பானது, அவனைச் சூழ்ந்து நின்றவரைப் பற்றிப் புலவர் தரும் செய்தி. அவர்கள் கல்லெறியவில்லை, கைகொட்டிச் சிரிக்கவில்லை. அவன் பின்னே சென்று, வருந்தி, அவனுடைய கையற்ற துன்பத்தைக் கண்டு நிற்கிறார்கள். அக்காலத் தமிழ் மக்களின் உள்ளம் இதிலே தெரிகிறது. ஆயினும் ஒன்றை நாம் மறைக்கலாகாது. அவர்கள் கண்டு நிற்கிறார்களேயன்றி வேறொன்றும் செய்தாரில்லை. இரக்கம் இருக்கிறது, உதவி இல்லை. இந்தக் "கண்டு நிற்றல்" என்பதை நேயர்கள் மனத்திலே இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இவ்வுரையின் முடிவிலே மீண்டும் அதனிடம் வருவேன்.

மற்றொரு வகை மனப்பான்மையைச் சங்க இலக்கியத்துக் குறிஞ்சித் திணையிலே காண்கிறோம். தலைவி மெலிகிறாள், உண்ணாள், உறங்காள். முருகன் அணங்கினான் என்று தாய் எண்ணி, வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். ஐங்குறுநூற்றில் இதற்கென்றே வெறிப்பத்து என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் தோழிக்கு உண்மை தெரியும். தலைவியின் நோய்க்குக் காரணம் தெய்வமன்று, வாய்விட்டுச் சொல்ல முடியாத காதல். வெளியே சொல்லக்கூடாத துன்பம் அணங்கின் வடிவிலே வெளிப்படுகிறது என்பதையும், சுற்றத்தார் அதன் காரணத்தைப் பிழைபட உணர்கிறார்கள் என்பதையும் நம் புலவர்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

மூன்றாவதாக, சைவ மரபு பித்து என்னும் சொல்லையே உயர்த்திற்று. சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனையே பித்தன் என்று அழைத்தார். யாழ்ப்பாணத்து நல்லூர்த் தேரடியில் வாழ்ந்த செல்லப்பா சுவாமிகளைப் பலர் விசரர் என்றே எண்ணினர். அவரே யோகர் சுவாமிகளுக்குக் குருவாயினார். ஆகவே துயரால் வந்த நோய், தெய்வத்தால் வந்த அணங்கு, ஞானத்தால் வந்த பித்து என்று மூன்று கண்ணாடிகள் வழியே நம் மக்கள் சித்தக் கலக்கத்தைப் பார்த்து வந்தார்கள் எனலாம். மூன்றிலும் குறைகள் உண்டு. எனினும் மூன்றிலும் அந்த மனிதர் ஊருக்குள்ளேதான் இருந்தார்.

அவரை ஊருக்கு வெளியே நிறுத்திய மதில், ஆங்கிலேயர் ஆட்சியோடு எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொழும்பில் பித்தர் காப்பகம் அமைந்தது. 1873ஆம் ஆண்டில் அதற்கெனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1920களிலே அங்கொடையில் பெரிய வைத்தியசாலை எழுந்தது. தெருவிலே விடப்பட்டவருக்கு உணவும் உறைவிடமும் மருந்தும் கிடைத்தன என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அதனுடன் வேறொன்றும் நிகழ்ந்தது. "அங்கொடை" என்னும் ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆயிற்று. சிங்களவரும் தமிழரும் ஒருவரையொருவர் ஏளனம் செய்ய அச்சொல்லைக் கையாண்டனர். மொழியால் பிரிந்து நின்ற இரு சாராரும் தடையின்றிப் பகிர்ந்துகொண்ட சொற்களுள் இதுவும் ஒன்று என்பது வருந்தத்தக்கது. அந்த வைத்தியசாலை பின்னாளிலே தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் பெற்றது. பெயரை மாற்றுதல் எளிது; வசையை மாற்றுதல் அரிது.

இப்பொழுது மீண்டும் மாத்தளைக்கு வருவோம். 1820களிலே மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய பின்பு, தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மலைநாடு புகுந்தார்கள். அவர்கள் நடந்த வழியிலே முதலில் எதிர்ப்பட்ட மலைநாட்டு நகரம் மாத்தளை. வாந்திபேதியாலும் பசியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மடிந்தவர் பல்லாயிரவர். நோயுற்றவரை வழியிலே விட்டுவிட்டு நடக்க வேண்டிய கொடுமை பலருக்கு நேர்ந்தது. கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது 1880ஆம் ஆண்டிலேதான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும், மாசி மகத்தன்று அங்கே ஓடும் ஐந்து தேர்களும் எதன் மேல் எழுந்தன என்று கேட்டால், அந்த நடைப்பயணத்தின் துயரத்தின் மேல் எழுந்தன என்றே விடை கூறுவேன்.

ஈன்ற குழந்தையைப் பாதையோரத்தில் புதைத்துவிட்டு வந்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவளும் ஒரு வாசிட்டியே. ஆனால் அவளுக்குச் சித்தம் கலங்க அவகாசம் இல்லை. விடியற்காலையில் தப்பு ஒலிக்கும். பெரட்டுக் களத்தில் நின்றாக வேண்டும். கங்காணியின் கணக்கிலே வந்தவர், வராதவர் என்று இரண்டே பகுப்புகள் உண்டு. தோட்டத்து மருந்தகத்தில் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கிடைத்தது. மனத்துக்கு அந்தப் புத்தகத்தில் இடமேயில்லை. ஆகவே பித்துற்றவர் சோம்பேறி என்றோ, தந்திரக்காரர் என்றோ, பேய் பிடித்தவர் என்றோ பெயர் பெற்றார்.

பேய் பிடித்தவர் என்பதே இவற்றுள் சற்று இரக்கமான பெயர் என்று சொல்ல வேண்டும். ஏனெனில் அதற்கு ஒரு பரிகாரம் இருந்தது. கோடாங்கி வந்து உடுக்கடித்துக் குறி சொல்வார். மாடசாமிக்கும் முனியாண்டிக்கும், தேயிலை ஆலையின் சக்கரத்துக்குக் காவலாக நின்ற ரோதைமுனிக்கும் நேர்த்தி வைப்பார்கள். லயத்து அறையிலே வாய் திறக்க முடியாத பெண், ஆவேசம் வந்த வேளையில் கணவனின் குடியையும் மாமியின் கொடுமையையும் வேலைத்தலத்து அவமானத்தையும் உரக்கச் சொல்வாள். ஊர் நின்று கேட்கும். சங்ககாலக் குறிஞ்சியிலே நிகழ்ந்த வெறியாட்டு, இலங்கையின் மலையிலே வேறொரு துன்பத்துக்குக் குரலாக அமைந்தது. எனினும் உடுக்கு ஓய்ந்த மறுநாள் அதே கணவன், அதே லயம், அதே பெரட்டு. நோய் தணிந்ததுபோலத் தோன்றி மீண்டும் முளைத்தது.

அம்மக்களின் இலக்கியம் வாய்மொழி இலக்கியம். தாலாட்டு, கொழுந்தெடுக்கும் பாட்டு, கும்மி, ஒப்பாரி, காமன் கூத்திலே எரிந்த கணவனுக்காக ரதி புலம்பும் புலம்பல் ஆகியன தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்தன. தனி ஒருத்தியின் துயரத்தைக் கூட்டத்தின் துயரமாக்கி ஆற்றும் வல்லமை ஒப்பாரிக்கு உண்டு. அளுவிகாரைத் துறவிகளைப்போல, இவற்றை ஏட்டில் எழுத வேண்டும் என்று எண்ணியவரும் தோன்றினார்கள். அவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை தலையாயவர். அவர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. வரலாற்று நூல்கள் எண்ணிக்கையாகக் கூறிய ஒரு சமுதாயத்தை, உள்ளம் படைத்த மக்களாக அப்பாடல்கள் காட்டின.

தேசம் என்னும் சொல் அம்மக்களின் வாழ்விலே இடியென விழுந்தது 1948இல். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் உரிமை கோரி விண்ணப்பித்தனர். ஏறக்குறைய 1,34,000 பேருக்கே அது கிடைத்தது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது என முடிவாயிற்று. அந்த ஒன்றரை லட்சம் பேரை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட 1974 வரை காத்திருக்க நேர்ந்தது. அண்ணன் இந்தியன், தங்கை இலங்கையள் என்று குடும்பங்கள் பிளந்தன. தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மலைநாட்டார் "ஒப்பாரிக் கோச்சி" என்று அழைத்தார்கள். அந்தச் சொல் ஒன்றே ஒரு காவியத்துக்கு ஈடாகும்.

இவ்விடத்தில் அயல்நாட்டுக் கதை ஒன்றை நினைவுகூர்வது பொருந்தும். உருது எழுத்தாளர் சதத் ஹசன் மண்டோ எழுதிய தோபா தேக் சிங் 1955இல் வெளிவந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்த பின்னர், 1950ஆம் ஆண்டிலே, பித்தர் விடுதிகளில் இருந்த நோயாளிகளையும் மதத்தின்படி பங்கிட்டுப் பரிமாறிக்கொண்டன. அதனை அடியொற்றி எழுந்த கதை அது. லாகூர் விடுதியிலே பதினைந்து ஆண்டுகளாக நின்றுகொண்டே காலம் கழித்த பிஷன் சிங், தன் ஊரான தோபா தேக் சிங் எந்த நாட்டில் இருக்கிறது என்று எல்லாரிடமும் கேட்கிறான். எவராலும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. மற்றொருவன் மரத்தின் மேல் ஏறிக்கொண்டு, எனக்கு இரு நாடும் வேண்டா, இம்மரமே போதும் என்கிறான். முடிவிலே பிஷன் சிங் இரு நாட்டு வேலிகளுக்கும் இடையிலுள்ள எவருக்கும் உரிமையில்லாத நிலத்தில் விழுந்து மாள்கிறான். சித்தம் கலங்கியவன் அவனா, மனிதரைப் பட்டியலிட்டுப் பங்கிட்டவர்களா என்ற கேள்வியை ஆசிரியர் வாய்விட்டுக் கேட்கவில்லை, வாசிப்பவரே கேட்டுக்கொள்கிறார்.

பத்தாண்டுக் காலம் "பின்னர்ப் பேசுவோம்" என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஒன்றரை லட்சம் மலைநாட்டாரும் இரு வேலிகளுக்கிடையே நின்றவர்களே. இத்துயரை எழுத மாத்தளையிலிருந்து ஓர் எழுத்தாளர் பரம்பரையே புறப்பட்டது. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன், மாத்தளை கார்த்திகேசு ஆகியோர் சிறுகதையும் நாவலும் நாடகமும் படைத்தனர். தம் பெயரோடு ஊர்ப்பெயரை இணைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழெழுத்தாளரிடையே பொதுவானது. ஆயினும் நாடு இல்லை என்று சொல்லப்பட்ட சமுதாயத்தில் பிறந்த ஒருவர் "மாத்தளை" என்று தம் பெயருக்கு முன் எழுதுவது, வெறும் வழக்கமாக எனக்குத் தோன்றவில்லை. நான் இந்த மண்ணுக்குரியவன் என்று ஒவ்வொரு நூலின் முகப்பிலும் இடும் கையொப்பமாகவே தோன்றுகிறது. சோமுவின் எல்லை தாண்டா அகதிகள் என்னும் நாவலின் பெயரே ஒரு நிலையைச் சொல்லிவிடுகிறது. 1983ஆம் ஆண்டு வன்செயலில் முத்துமாரியம்மன் கோயில் தேர்களும் எரியுண்ட நகரம் இது என்பதை நினைத்தால், அத்தலைப்பின் கனம் இன்னும் விளங்கும்.

சிங்கள இலக்கியத்திலும் இக்கேள்வி வேறு வடிவில் எழுந்தது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் விராகய 1956ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிங்கள பௌத்தத் தேசிய உணர்வு பொங்கி எழுந்த ஆண்டு அது. அந்நாவலின் நாயகன் அரவிந்தனோ, காதலையும் உரிமையையும் கைநழுவ விட்டு ஒதுங்கி வாழ்கிறான். அவனிடம் பௌத்தப் பண்பாட்டின் பற்றின்மையைக் கண்டனர் சிலர். மனத்தளர்வையே கண்டனர் வேறு சிலர். மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேசேகர 1985ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றிலே இச்சிக்கலின் வேரைத் தொட்டார். மேலைநாட்டு வைத்தியர் மனச்சோர்வு நோய் என்று பெயரிடும் நிலையை, இந்நாட்டுப் பௌத்தர் ஒருவர் உலகவாழ்வின் இயல்பான துக்கம் என்று உணர்ந்து தியானத்தில் ஆற்றிக்கொள்ளக்கூடும் என்றார். பண்பாடு துயரத்துக்குப் பொருள் தருகிறது என்பது அவர் கருத்தின் சாரம். மலைநாட்டுத் தமிழரின் ஒப்பாரியும் இத்தகைய பொருள் தரும் தொழிலையே செய்தது.

ஆனால் இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, நோயை நாட்டின் இயல்பு என்று பேசுவது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையிலே லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. இந்நாட்டார் இயல்பே அப்படி என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டபின், இருபது ஆண்டுகளுக்குள் அவ்விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. நாட்டின் இயல்பு இருபது ஆண்டில் மாறவில்லை. துன்பம் உச்சத்தில் நின்ற ஒரு நாழிகையில் கைக்கெட்டிய தூரத்திலிருந்த நஞ்சு அகன்றது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. பௌத்த விநயம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டிய இரக்கத்தை அச்சட்டநூல் அப்போதுதான் எட்டிற்று.

இரண்டாவது எச்சரிக்கை எழுத்தாளருக்கு உரியது. பித்தன் ஒருவனைக் கதையிலே கொண்டுவந்து, அவன் வாயால் நாட்டைப் பற்றிய உண்மைகளைச் சொல்லவைப்பது கவர்ச்சியான உத்தி. மண்டோவின் கையில் அது மகத்தான கலையாயிற்று. அதனையே பலரும் பின்பற்றும்போது, நோயாளி மறைந்து குறியீடு மட்டுமே மிஞ்சுகிறது. உண்மையில் சித்தம் கலங்கியவர் நாட்டின் உருவகமாக நின்றுகொண்டிருப்பதில்லை. அவர் இரவில் உறங்காமல் தவிக்கிறார். இல்லாத குரல்களைக் கேட்டு நடுங்குகிறார். அவருடைய தங்கைக்கு வந்த கலியாணப் பேச்சு அவரால் நின்றுவிட்டது என்று வீட்டார் முணுமுணுப்பதைக் கேட்டுக் கூசுகிறார். தேசத்தின் துயரம் அவர் துயரத்தைப் பெருக்கியிருக்கலாம். நாடற்றிருத்தலும் வறுமையும் வன்செயலும் மனத்தை முறிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒப்பந்தத்தைத் திருத்தினால் மட்டும் நோய் தீர்ந்துவிடாது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை அளித்தது. உரிமைச்சீட்டு கிடைத்த வீடுகளிலும் பூட்டிய அறைகள் இருந்தன.

அந்தப் பூட்டைப்பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். மனநோயுள்ளவரை மறைத்து வைக்கும் குடும்பத்தார் கொடியவர்கள் அல்லர். அவர்கள் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாமே. "கிறுக்கன்" என்று சிரித்தவர்களும், திரைப்படத்திலே பித்தன் வேடத்தைக் கண்டு கைதட்டியவர்களும் நாமே. நோய்க்கு மருத்துவம் உண்டு. 2005ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட மனநலக் கொள்கைக்குப்பின், அங்கொடைக்கே அனுப்ப வேண்டும் என்ற நிலை தளர்ந்து, மாவட்ட வைத்தியசாலைகளிலும் மனநலச் சிகிச்சை பரவத் தொடங்கியது. எனினும் இரத்தோட்டைக்கு அப்பாலும் எல்கடுவை மலையிலும் வாழும் ஒரு தொழிலாளிக்கு, நகரத்துச் சிகிச்சை நிலையத்துக்கு ஒரு நாள் வருவதென்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று என்று பொருள். அங்கே தம் துன்பத்தைத் தமிழிலே சொல்லவும், அதைத் தமிழிலே கேட்டு உணரவும் ஒருவர் வேண்டும். காய்ச்சலைக் கையால் தொட்டு அறியலாம். மனத்தின் நோயைச் சொற்களின் வழியேதான் அறியலாம். மொழியுரிமை என்பது இங்கே அரசியல் மேடைப் பேச்சன்று, மருந்தைப்போல இன்றியமையாதது.

நேர்த்தி வைப்பவரை ஏளனம் செய்யவும் வேண்டா. கோயிலுக்குப் போவதும் கோடாங்கியிடம் குறி கேட்பதும் அக்குடும்பத்துக்கு ஆறுதலைத் தரலாம். அந்த ஆறுதலோடு வைத்தியரிடமும் செல்லுமாறு அன்பாக எடுத்துச் சொல்வதே நம் கடமை. அம்மனுக்கு நேர்ந்துகொண்ட தாயே, மறுநாள் மகனை வைத்தியசாலைக்கும் அழைத்துச் செல்லலாம், இரண்டுக்கும் பகையில்லை.

நேயர்களே, தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறேன். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அளுவிகாரையின் ஏட்டுத்தொகுதிகளும் அழிவுக்கு உள்ளாயின. ஆயினும் வாசிட்டியின் குரல் அழியவில்லை. வேறு ஏடுகளிலும் வேறு நாடுகளிலும் அது வாழ்ந்தது. பித்துற்ற ஒரு பெண்ணின் சொல்லைத் தன் திருமறையிலே காத்த மண், இன்று தன் பக்கத்து லயத்திலே அழும் பெண்ணின் சொல்லைக் கேட்க மறுக்கலாமா?

ஒரு நாட்டின் பெருமையை அதன் கொடியிலும் கோபுரத்திலும் காண்பவர் காணட்டும். தன் நினைவு தடுமாறியவரையும் நினைவில் வைத்திருக்கும் நாடே பெருமையுடைய நாடு என்பேன். நம்மவர் என்னும் சொல்லுக்குள் மாத்தளைச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடங்குவர். அவர்களுள் சித்தம் கலங்கியவரும் அடங்குவர். அன்று புகார் வீதியிலே நின்றவர்கள் அவன் துன்பத்தைக் கண்டு வருந்தினார்கள். நாம் அவர்களைவிட ஓரடி முன்னே செல்லலாம். கண்டு நிற்பதோடு அமையாமல், அருகே சென்று, "எங்கே நோகிறது?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருந்து, கை பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லலாம். இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மிடம் வேண்டி நிற்பது அந்த ஓரடியைத்தான்.